பறவைக் காய்ச்சல்: காட்டுப் பறவைகளா குற்றவாளிகள்?



பறவைக் காய்ச்சல் பற்றிய செய்தி வந்தவுடன் நாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். வலசை வரும் வாத்தும் நாரையும் நோயைச் சுமந்து வந்து நம் கோழிகளைக் கொன்றன என்பதே பலரின் எண்ணம். அது பாதி உண்மை. மறுபாதியை வரலாறு கூறுகிறது.

1878-ஆம் ஆண்டு இத்தாலியில் பெரோஞ்சிட்டோ என்னும் அறிஞர், கோழிகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்த கொள்ளைநோய் ஒன்றை விவரித்தார். நுண்ணிய வடிகட்டியிலும் சிக்காத ஒன்றே அதற்குக் காரணம் என்று 1901-இல் கண்டனர். அது இன்ஃபுளுவென்சா நச்சுயிரி என்பது 1955-இல்தான் புலனாயிற்று. 1961-இல் தென்னாப்பிரிக்கக் கடற்கரையில் ஆலாப் பறவைகள் பெருமளவில் மடிந்தபோது, காட்டுப் பறவையிலும் இந்நச்சுயிரி முதன்முறையாகப் பிடிபட்டது. 1970-களில் நலமாகத் திரிந்த காட்டு வாத்துகளிடமும் அதன் இனங்கள் காணப்பட்டன.

இங்கேதான் ஒரு புதிர். வாத்தைக் கொல்லாதது கோழியை ஏன் கொல்கிறது?

காட்டு வாத்தின் குடலில் இந்நச்சுயிரி பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. எச்சத்தின் வழியே நீர்நிலையில் கலக்கிறது. அந்நீரோ, எச்சம் ஒட்டிய காலணியோ பண்ணைக்குள் புகுந்தால் கோழிக்குத் தொற்றுகிறது. நச்சுயிரி உயிரணுவுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் மேற்புறப் புரதம் ஒன்றை விலங்கின் நொதி வெட்டிவிட வேண்டும். சாதுவான வகையை வெட்டும் நொதி மூச்சுக்குழாயிலும் குடலிலும் மட்டுமே உண்டு. ஆனால் எச்5, எச்7 வகைகள் நெருக்கமாக அடைக்கப்பட்ட ஆயிரமாயிரம் கோழிகளிடையே தாவித் தாவிப் பெருகும்போது, அந்த வெட்டுமிடம் மாறிவிடுவதுண்டு. மாறியபின் உடலெங்கும் உள்ள நொதிகள் அதனை வெட்டும். எல்லா உறுப்புகளும் தாக்குறும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1983 ஏப்ரலில் சாதுவாகத் தொடங்கிய நோய், அக்டோபரில் கொலைகார நோயாக மாறியது. அதனை ஒழிக்க 1 கோடியே 70 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன.

1996-இல் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில், பண்ணை வாத்து ஒன்றில் எச்5என்1 கண்டறியப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி 6 பேரைப் பலிகொண்டது. ஆண்டிறுதியில் அந்நகரின் கோழிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன.

நம் நாட்டுக்கு அது 2004 ஆகஸ்டில், கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் வட்டாரத்தில் வந்து சேர்ந்தது. தாய்லாந்து எல்லை கடந்து வந்த சண்டைச் சேவல்களே காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. சிங்கப்பூர் நம் கோழியையும் முட்டையையும் தற்காலிகமாகத் தடை செய்தது. கம்பத்து வீட்டாரின் கோழிகளும் அழிக்கப்பட்டன.

2005-இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்து முதலிய காட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. காட்டிலிருந்து பண்ணைக்கு வந்து, அங்கே கொடியதாக மாறிய நோய், மீண்டும் காட்டுக்கே திரும்பிற்று. அதன் வழித்தோன்றல்கள் 2021-க்குப் பின் அமெரிக்கக் கண்டங்களிலும் பரவின. 2023-இல் பெரு, சிலி கடற்கரைகளில் கடற்சிங்கங்களை மாய்த்தன. 2024-இல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் கண்டறியப்பட்டன.

இதனை வகுப்பில் விளக்கியபோது மாணவன் ஒருவன் வினவினான்: "பறவைகளையெல்லாம் சுட்டுவிட்டால் நோய் ஒழிந்துவிடாதா ஐயா?" ஒழியாது. விரட்டப்பட்ட பறவை வேறிடம் பறக்கும். நோயும் உடன் பறக்கும். கோழிக்கும் வாத்துக்கும் தனித்தனி இடம், வலையிட்ட கொட்டகை, தூய நீர், இறந்த கோழியை மறைக்காமல் கால்நடைத் துறைக்குத் தெரிவிக்கும் நேர்மை ஆகியனவே காக்கும். அந்நேர்மை நிலைக்க வேண்டுமாயின், கோழியை இழக்கும் ஏழைக்கு உரிய இழப்பீடும் கிடைக்க வேண்டும்.

வானத்துக்கு நாம் வேலியிட முடியாது. கொட்டகைக்கு இடலாம் அல்லவா? சிந்திப்போம்.