புவியியலுக்கு ஆரிட்டப் போறது?

ஓ.எல் முடிவுகள் வந்து, ஏ.எல்லுக்குப் பாடம் தெரிவு செய்யிற கிழமைகளில எங்களைப் போலக் கலைப்பீடத்தில படிக்கிறவர்களிட்ட ஊரில இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "புவியியலுக்கு நல்ல சேர் ஆரும் தெரியுமோ?" தமிழுக்கோ அரசறிவியலுக்கோ இந்துநாகரிகத்துக்கோ இப்படி அலையிறது குறைவு. அதுகளுக்கு ஊருக்கு ரெண்டு பேராவது இருப்பினம். புவியியலுக்கு மட்டும் தேடவேண்டிக் கிடக்கு. இது இண்டைக்கு நேற்று வந்த தட்டுப்பாடு இல்லை. இலங்கையில் இந்தப் பாடம் தமிழில் படிப்பிக்கப்பட்ட வரலாற்றைக் கிளறினால், ஒவ்வொரு பத்து வருசத்துக்கும் பள்ளிக்கூடம் ஏதோ ஒண்டைக் கைவிட்டிருக்கு, அதை ரியூசன் மாஸ்ரர் ஒருத்தர் தூக்கிச் சுமந்திருக்கிறார் எண்டு தெரியுது.

ரியூசனைத் திட்டுறது எங்கட நாட்டில ஒரு சடங்கு. மேடையில இலவசக் கல்வியைப் புகழ்ந்துபோட்டு, கீழ இறங்கிப் பிள்ளையை வகுப்பில விடப் போவினம். கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழு 1943இல் அறிக்கை கொடுத்து, 1945 ஒக்ரோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அந்தக் கதை எல்லாருக்கும் பாடம். ஆனால் அது எந்த மொழியில், எந்தப் புத்தகத்தோட நடந்தது எண்டது அவ்வளவு பாடமில்லை. அந்தக் காலத்தில் மேல்வகுப்புப் புவியியல் முழுக்க ஆங்கிலத்தில்தான். இலங்கையைப் பற்றிப் படிக்கவே எல்சி குக் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தைத்தான் திறக்கவேண்டும். ஆங்கிலப் பள்ளிக்கூடம் போகக் கூடியவருக்கு அது போதும். மற்றவருக்குப் பாடமே இல்லை.

பிறகு சுயமொழிக் கல்வி படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறியது. 1960இல் சிங்களத்திலும் தமிழிலும் படித்த முதல் தொகுதி மாணவர்கள் பேராதனைக் கலைப்பீடத்துக்குள்ளே போனார்கள். அதே 1960 டிசம்பரில்தான் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் எண்டு நாங்கள் நினைக்கிறம். கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்துவிட்டது, ஆனால் உள்ளே போறதுக்குப் படிக்கவேண்டிய புத்தகம் தாய்மொழியில் இன்னும் எழுதி முடியவில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகக் கலைச்சொற்களைத் தொகுத்தது. ஆங்கிலப் பாடநூல்களை மொழிபெயர்த்து அச்சடித்தது. சமவுயரக் கோடு, இடவிளக்கப் படம், ஆறரித்த சமவெளி, தென்மேல் பருவக்காற்று, வடகீழ் பருவக்காற்று எண்டு இண்டைக்கும் நாங்கள் விடைத்தாளில் எழுதுகிற சொற்கள் அப்படியான உழைப்பில் நிலைபெற்றவை. தமிழ்நாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் தென்மேற்கு, வடகிழக்கு எண்டிருக்கும். எங்களுக்குத் தென்மேல், வடகீழ் தான். பரீட்சை மண்டபத்தில் கூட நாங்கள் வேற நாட்டுத் தமிழ்தான்!

ஆனால் அந்த மொழிபெயர்ப்புகளின் நடையைப் படிச்சுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சொல்லும் சொல்லும் புணர்ந்து, ஒரு வசனம் அரைப்பக்கம் ஓடும். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே எண்டு தேடுறதுக்குள்ள மழை பெஞ்சு ஆறு ஓடி முடிஞ்சிடும். பழைய நூலகங்களில் இப்பவும் இருக்கு, ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. இந்தத் தமிழைத் தமிழாக்கித் தந்தவர்தான் எங்கட கதையின் முதல் புவியியல் மாஸ்ரர். திணைக்களத்தின் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் ஒரு படம் கீறி, "இதுதானடா அது" எண்டு சொல்லிவிடுவார். கைமுட்டியைப் பொத்திப் பிடிச்சு, முழிகளைச் சுற்றிப் பேனையால வளையம் வளையமாகக் கீறி, பிறகு கையை விரிச்சுச் சமவுயரக் கோட்டை விளங்கப்படுத்துற வித்தையை எங்களுக்குக் காட்டினதும் ரியூசனில்தான். பள்ளிக்கூடத்தில அந்தப் பாடம் ரெண்டு பந்தி நோட்ஸாக முடிஞ்சது.

இந்த இடத்தில் க. குணராசாவைப் பற்றிச் சொல்லாமல் போகேலாது. செங்கை ஆழியான் எண்ட பேரில் நாவலாசிரியராக எல்லாருக்கும் தெரிஞ்சவர். பேராதனையில் புவியியல் படித்தவர், நிர்வாக சேவையில் இருந்தவர், 2016இல் காலமானார். நெடுந்தீவுக் கடற்கரைக்குப் பருவகாலத்தில் மீன்பிடிக்க வருகிறவர்களைப் பற்றிய அவருடைய 'வாடைக்காற்று' 1978இல் படமாகவும் வந்தது. இலக்கியக் கூட்டங்களில் இதோட நிப்பாட்டிவிடுவினம். ஆனால் உயர்தர மாணவருக்காக அவர் எழுதிய புவியியல் நூல்களின் வரிசை பெரிசு. தமிழில் வாசிக்கக்கூடிய புவியியலை ஒரு தலைமுறையின் கையில கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். வாடை எப்ப வீசும், ஏன் வீசும் எண்டதை ஒரு கையால பரீட்சைக்கும் மற்றக் கையால நாவலுக்கும் எழுதின மனுசன். எங்கட இலக்கிய விமர்சனங்கள் இந்த ரெண்டாவது கையை மட்டும் பார்க்கிறது எங்களுக்கு உடன்பாடில்லை.

1972க்கு வருவம். அந்த வருடத்துச் சீர்திருத்தத்தோட கீழ்வகுப்புகளில் புவியியலும் வரலாறும் குடியியலும் சேர்க்கப்பட்டு 'சமூகக்கல்வி' எண்ட ஒரு பாடமாகியது. நோக்கம் நல்லதுதான். பிள்ளை தன்ர சமூகத்தை முழுசாகப் பார்க்கவேணும் எண்டது யோசனை. நடந்தது வேற. சமூகக்கல்வியைப் படிப்பிக்க வரலாறு படிச்சவரும் வரலாம், குடியியல் படிச்சவரும் வரலாம். படம் வாசிக்கிற பகுதி வந்தால் "இதை வீட்டில பாருங்கோ" எண்டு தாண்டிவிடலாம். எழுபதுகளின் கடைசியில் ஆட்சி மாறி, ஓ.எல், ஏ.எல் எண்ட பழைய பேர்கள் திரும்பி வந்தாலும் சமூகக்கல்வி நீண்டகாலம் அப்படியே இருந்தது. ஏ.எல்லில் மட்டும் புவியியல் தனிப்பாடம். கீழே அத்திவாரம் கரைஞ்சு போக, மேலே மாடி நிண்டது.

அதே காலத்தில்தான் தரப்படுத்தல். 1971இல் தொடங்கி, 1974இல் மாவட்ட ஒதுக்கீடாக மாறிய கதை எங்கட அரசியல் வரலாற்றில் போதிய அளவு எழுதப்பட்டிருக்கு. பெரும்பாலும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போக இருந்தவர்களின் கதையாகத்தான். கலைப்பிரிவுக்காரருக்கு அது வேற மாதிரி வந்தது. ஏ.எல் தவறினவன் திரும்பவும் எடுக்கலாம், ஆனால் பள்ளிக்கூடம் அவனைத் திரும்பச் சேர்க்காது. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எடுக்கிற இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு இடம் வேணும். கிடுகுக் கூரை, வாங்கு, ஒரு கரும்பலகை: இதுதான் ரியூட்டரி. ரியூட்டரிகளைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டியாக முளைச்சவை எண்டு மட்டும் பார்க்கிறது சரியில்லை. பள்ளிக்கூடம் வெளியே விட்டவர்களும் அதின்ர வாங்குகளை நிரப்பினவை. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பின்னேரங்களில் அங்க வந்தது, நல்ல மாஸ்ரர் அங்கதான் இருக்கிறார் எண்ட பேர் பரவினதால.

இன்னொரு விசயம். 1980இல் இருந்து அரசாங்கம் இலவசப் பாடநூல் கொடுக்குது. அது ஓ.எல் வரைக்கும்தான். ஏ.எல் பிள்ளைக்கு அப்படி ஒரு புத்தகம் கையில கிடைக்காது. ஆசிரியருக்குக் கைநூல் இருக்கும், மாணவருக்கு மாஸ்ரரின் நோட்ஸ் இருக்கும். றோணியோ அடிச்ச தாளில இருந்து போட்டோக்கொப்பிக்கும், பிறகு பீடிஎவ்வுக்கும் மாறியிருக்கு, அவ்வளவுதான். இலங்கையின் தரைத்தோற்றத்தை மூன்று ஆறரித்த சமவெளிகளாக 1929இல் அடம்ஸ் எண்ட புவிச்சரிதவியலாளர் விளக்கினார். அவருடைய மூலக் கட்டுரையைப் பார்த்த பிள்ளை எங்கட வகுப்பில் ஒண்டுமில்லை. ஆனால் அடம்ஸ் சொன்னது எல்லாருக்கும் பாடம். நோட்ஸில இருந்து நோட்ஸுக்குத் தாவி வந்த அறிவு அது. பிழை புகுந்தாலும் அப்படியேதான் தாவும்.

யுத்த காலத்தைப் பற்றி எங்களுக்கு மூத்தவர்கள் சொன்னதுதான். 1990 யூனுக்குப் பிறகு யாழ் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை. ஜாம் போத்தலில் பஞ்சு வைச்சு, கொஞ்ச எண்ணெயில் திரி எரிச்சுப் படிச்ச காலம். புவியியலுக்கு இதில ஒரு தனிக் கஷ்டம்: மற்றப் பாடத்தைக் கேட்டும் படிக்கலாம், படத்தைப் பார்த்துத்தான் ஆகவேணும். பழைய ஒரு அங்குல இடவிளக்கப் படத்தாளை வைச்சிருந்த மாஸ்ரரிட்ட அது ஒரு சொத்து. இலங்கை மெற்றிக் அளவுக்கு மாறி, நில அளவைத் திணைக்களம் 1:50,000 அளவில் 92 தாள்களாகப் புதுப் படம் கொண்டுவந்த பிறகும், அந்தப் பழைய 1:63,360 தாளை வைச்சே படிச்சவர்கள் இருக்கினம். மைலைக் கிலோமீற்றராக்கி மனக்கணக்குப் போடவும் பழகிக்கொண்டினம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது ஆர் எந்தப் புத்தகத்தைத் தூக்கினார்கள் எண்டு ஒரு கணக்கும் இல்லை. தென்மராட்சியிலும் வன்னியிலும் மரநிழலில் வகுப்புகள் திரும்பத் தொடங்கினபோது நினைவில இருந்து இலங்கைப் படத்தைக் கீறக்கூடிய ஒரு மாஸ்ரரின் பெறுமதி என்னவாக இருந்திருக்கும் எண்டதை மட்டும் யோசிச்சுப் பார்க்கலாம். ஒரு இடத்திலும் ரெண்டு மாதம் தரிக்கேலாத பிள்ளைகள் 'குடிப்பரம்பல்' எண்ட பாடத்தைப் படிச்சிருக்கினம்.

யுத்தம் முடியிறதுக்கு முன்னமே அடுத்த மாற்றம். 2007இல் தொடங்கிய பாடத்திட்டத்தில் வரலாறு ஓ.எல்லுக்குக் கட்டாயப் பாடமாகியது, புவியியல் தெரிவுப் பாடமாகியது. வணிகமும் கணக்கீடும் இருக்கிற அதே தொகுதியில் புவியியலும். பெற்றோர் எதைத் தெரிவு செய்விப்பினம் எண்டு சொல்லத் தேவையில்லை. அப்ப ஒன்பதாம் வகுப்போட புவியியலை விட்ட பிள்ளை, ரெண்டு வருசம் கழிச்சு ஏ.எல்லில் அதைத் திரும்ப எடுக்குது. காலநிலை, புவித்தகடு, இடவிளக்கப் படம், புள்ளிவிபரம், தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை எல்லாம் ஒரேயடியாக வருது. கடைசிச் சொன்ன ரெண்டையும் கணினி ஒண்டைக் காணாமலே நோட்ஸாகப் படிக்கிற பள்ளிக்கூடங்கள் எத்தனையோ. இந்தப் பிள்ளையின் அம்மா ரியூசன் தேடினால் அதைப் பேராசை எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை.

வடக்கை மட்டும் சொல்லி முடிச்சால் அது பாதிக்கதை. மலையகத்தில் தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததே எழுபதுகளில் இருந்துதான். ஏ.எல் கலைப்பிரிவு பல இடங்களில் அதற்கும் எவ்வளவோ பிந்தித்தான் வந்தது. அங்கிருந்து வந்து எங்களோட படிக்கிறவர்கள் சொல்லுற கதை இது: மஸ்கெலியா ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகுது எண்டு விடை எழுதுகிறார்கள், அந்த ஓயாவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனவர்கள். மண்சரிவைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள், எச்சரிக்கை வந்தால் லயத்தை விட்டு வெளியேறினவர்கள். இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடு நெருங்கி நெருங்கி நிற்கிற இடம் அவர்களின் வீடு. ஆனால் அந்தக் கோட்டை வாசிக்கச் சொல்லிக்கொடுக்கத் தமிழ்மொழிமூல ஆசிரியர் ஒருவர் வேணுமெண்டால் பஸ் ஏறி ஹற்றனுக்கோ பண்டாரவளைக்கோ போகவேண்டும். சனிக்கிழமை விடியப் போய்ப் பின்னேரம் வாறது. வகுப்புக் காசை விடப் பஸ் காசு கூட.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டுப்பட, எல்லாம் சூமுக்கு ஏறியது. அப்ப ஒரு நம்பிக்கை இருந்தது: இனி மஸ்கெலியாப் பிள்ளையும் யாழ்ப்பாணச் சேரிட்டப் படிக்கலாம். ஓரளவு நடந்ததும்தான். எங்களில் சிலர் அப்படிப் படிச்சுத்தான் உள்ளே வந்தம். ஆனால் டேட்டா முடிஞ்சால் படமும் முடிஞ்சுது. கைபேசித் திரையில் 1:50,000 படத்தை விரிச்சுப் பார்க்கேக்க அளவுத்திட்டமே மாறிப்போகும், ஒரு சென்ரிமீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் எண்ட கணக்கு அங்க சரிவராது. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்ட நேரம், போட்டோக்கொப்பி விலையும் ஏறி, அச்சடிச்ச படத்துண்டு கொடுக்கிற சேர்மாரும் குறைஞ்சுபோனார்கள். பரீட்சைக்கு வினாத்தாளோட படத்துண்டு வரும். அதுதான் தன் வாழ்க்கையில் முதல்முதலாக விரலால் தொட்ட இடவிளக்கப் படம் எண்டு சொல்லுற பிள்ளைகளை நாங்கள் கம்பஸில் சந்திச்சிருக்கிறம்.

ரியூசனில் கெட்டது இல்லையெண்டு இல்லை. மாதிரிக் கேள்விகளைச் சுட்டுத்தந்து, "இந்த வருசம் இது வராது" எண்டு அரைப் பாடத்திட்டத்தை வெட்டி எறியிற வகுப்புகள் உண்டு. தன்ர பள்ளிக்கூட வகுப்பில் படிப்பிக்காமல் பின்னேரம் காசுக்குப் படிப்பிக்கிறவரும் உண்டு. வெளிக்களத்துக்குக் கூட்டிப்போகிறவர் மிச்சம் அரிது. இருநூறு பேரை வைச்சுக்கொண்டு எங்க கூட்டிப்போறது? பரீட்சைக்குச் சில நாள் முன்னம் எல்லா வகுப்பையும் நிப்பாட்டச் சொல்லிப் பரீட்சைத் திணைக்களம் தடை போடும். மற்ற நாட்களில் ஏன் அந்த வகுப்பு தேவைப்பட்டது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

இப்ப எங்களிட்டக் கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லுறது சின்ன விசயம்தான். முதல் நாள் வகுப்பில போய் இருந்து பாருங்கோ. சேர் அச்சடிச்ச படத்தாளை மேசையில விரிச்சு, பிள்ளையின்ர கையில அடிமட்டமும் நூலும் கொடுத்து ஆற்றின் நீளத்தை அளக்கச் சொல்லுறாரா எண்டு பாருங்கோ. சொன்னால், காசு கொஞ்சம் கூட எண்டாலும் அங்க அனுப்புங்கோ. நோட்ஸ் மட்டும் வாசிக்கிறவர் எண்டால், அந்த நோட்ஸ் எங்களிட்டயே இருக்கு, வந்து போட்டோக்கொப்பி அடிச்சுக்கொண்டு போங்கோ.