மும்முடிச்சோழ மண்டலம்

சோழப் பேரரசிற் சேர்க்கப்பட்ட நாடுகள் தம் பழம்பெயரோடு வென்ற மன்னரின் விருதுப் பெயரையும் தாங்கி நின்றன. கங்கபாடி முடிகொண்டசோழ மண்டலம் ஆயிற்று. நுளம்பபாடி நிகரிலிசோழ மண்டலம் எனப்பட்டது. முதலாம் இராசராசனின் விருதுகளுள் ஒன்றான மும்முடிச்சோழன் என்னும் பெயர் ஈழத்துக்குக் கிடைத்தது. ஏனைய மண்டலங்கள் தரைவழியே தஞ்சையோடு தொடர்புற்றிருந்தவை. இஃதொன்றே கடலுக்கு அப்பால் இருந்து சோழரின் நேராட்சிக்கு உட்பட்டது. கி.பி. 993ஆம் ஆண்டளவில் அமைந்து 1070ஆம் ஆண்டில் மறைந்த இம்மண்டலத்தின் ஆயுள் ஏறத்தாழ 77 ஆண்டுகளாகும். கடல் கடந்து பிரித்தானியாவைக் கைப்பற்றிய உரோமர் அங்கே மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைபெற்றனர். எனினும் அவராலும் அத்தீவின் வடபாகத்தை அடக்க இயலவில்லை. 122ஆம் ஆண்டில் மதிலெழுப்பி எல்லை வகுக்கத் தொடங்கினர். ஈழத்திற் சோழர் மதில் எழுப்பவில்லை. மகாவலி கங்கையே அவர்க்கு மதிலாயிற்று. அவ்வாற்றுக்குத் தெற்கே கிடந்த உரோகண நாட்டை அவர் பலமுறை தாக்கினர். ஒருமுறையேனும் நிலையாக ஆண்டாரல்லர். இம்மண்டலத்தின் வரலாறு முழுவதற்கும் இவ்வுண்மையே திறவுகோலாகும்.

படையெடுப்புக்கு வாய்ப்பளித்தது அநுராதபுரத்தின் சீர்குலைவு. ஐந்தாம் மகிந்தன் 982இல் அரசுகட்டில் ஏறியவன். குடிகள் இறை செலுத்தாது விட்டனர். கூலிப்படைகளுக்கு ஊதியம் கொடுக்க மன்னனிடம் பொருள் இல்லை. கேரளப் படையினர் அரண்மனையை வளைத்துக்கொள்ள, அவன் சுரங்கவழியே தப்பி உரோகணத்திற் புகுந்தான் எனச் சூளவமிசம் கூறும். தலைநகரின் இந்நிலையைச் சோழ மன்னனுக்கு அறிவித்தவன் ஒரு குதிரை வணிகன் என்றும் அந்நூலே உரைக்கின்றது. இச்சிறு செய்தி கருதத்தக்கது. தூதரும் ஒற்றரும் அறியுமுன் ஒரு நாட்டின் தளர்ச்சியை வணிகர் அறிந்திருந்தனர். சோழர் படை நடந்த வழி முன்னமே வணிகர் நடந்த வழியாகும்.

இராசராசன் கைப்பற்றியது வடபாகமாகிய இராசரட்டமே. உரோகணத்தில் ஒதுங்கியிருந்த மகிந்தனை 1017ஆம் ஆண்டளவில் இராசேந்திரன் படை சிறைப்பிடித்தது. ஈழமன்னரின் முடியோடு, முன்னொருகாற் பாண்டியன் அவரிடம் அடைக்கலமாக வைத்த முடியும் இந்திரன் ஆரமும் கைப்பட்டன என இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பெருமை பேசுகின்றது. மகிந்தன் சோழநாட்டிலேயே 1029இல் இறந்தான். ஆயினும் அவன் மைந்தன் காசியபனைக் குடிகள் மறைத்து வளர்த்தனர். முடி தஞ்சைக்குப் போயிற்று. முடிக்குரியவன் உரோகணத்தில் இருந்தான்.

சோழர் அநுராதபுரத்தை விடுத்துப் பொலனறுவையைத் தலைநகராகக் கொண்டமைக்கு இதுவே காரணம். உரோகணத்திலிருந்து மகாவலியைக் கடந்து வருவோர் வழியைக் காப்பது அந்நகர். அதற்கு முன்னரே சிங்கள மன்னர்க்கு அது பாசறையாகப் பயன்பட்டதுண்டு. கிழக்கே கொட்டியாரக் குடாவும் திருகோணமலைத் துறைமுகமும் எட்டுந் தொலைவில் இருந்தன. எல்லையிலேயே தலைநகரை வைத்த ஆட்சி, தன்னைப் படையாட்சி என்று தானே சொல்லிக்கொண்டதாகும். சனநாதமங்கலம் என்று பெயர் பெற்ற அந்நகரில் வானவன்மாதேவி ஈச்சரம் இன்றும் நிற்கின்றது. தொல்பொருளாளர் இரண்டாஞ் சிவாலயம் எனக் குறிக்கும் அச்சிறு கற்றளி, பொலனறுவையில் எஞ்சியுள்ள கட்டடங்களுட் பழமையானது; கடைசியாக அம்மண்டலத்தை ஆண்ட அதிராசேந்திரனின் கல்வெட்டும் அங்கே உண்டு.

ஆட்சி முறை சோழநாட்டின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. மண்டலம் வளநாடுகளாகப் பிரிக்கப்பட்டது. அரசகுலத்தானொருவன் சோழ இலங்கேசுவரன் என்னும் பட்டத்தோடு ஆண்டமையைத் திருகோணமலைப் பகுதிக் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. கந்தளாயில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்னும் பிராமணக் குடியிருப்பும், பெருங்குறிப் பெருமக்கள் கூடிய சபையும் இருந்தன. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதியாகிய மாத்தோட்டம் இராசராசபுரம் ஆயிற்று. அங்கே தாழிகுமரன் என்னும் சோழநாட்டு அலுவலன் இராசராச ஈச்சரம் என்னுங் கோயிலை எடுப்பித்து, வைகாசி விசாக விழாவுக்கும் நிவந்தம் வைத்தான். கொழும்பு நூதனசாலையிற் சேர்க்கப்பட்ட கல்வெட்டொன்றால் இது தெரிய வருகின்றது. பதவியாவில் இரவிகுலமாணிக்க ஈச்சரம் இருந்தது. அதற்குக் கொடையளித்தோருள் வணிகர் பலர்.

இவற்றைப் படத்தில் வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். துறைமுகம், பெருங்குளம், துறையிலிருந்து தலைநகருக்குச் செல்லும் வழி ஆகிய மூன்றிடங்களிலேயே சோழர் சுவடுகள் செறிந்துள்ளன. ஊர்தோறும் வேர்விட்ட ஆட்சியன்று அது. தஞ்சைப் பெருங்கோயிலுக்கு ஈழத்து ஊர்கள் சில நிவந்தமாக விடப்பட்டன. அவ்வூர்கள் நெல்லும் காசும் இலுப்பை நெய்யும் அனுப்புதல் வேண்டும் என்பது இராசராசனின் ஆணை. ஈழத்து இலுப்பை நெய் தஞ்சையில் விளக்கெரித்தது என்பது கேட்க இனிய செய்தியே. ஆனால் கொடுத்த ஊர்களின் பக்கமிருந்து பார்த்தால், விளைவு வெளியே போகும் மாகாணத்தின் நிலை அதுவாகும்.

வாணிகத்தை மறந்து இம்மண்டலத்தை விளங்கிக்கொள்ள இயலாது. சோழர் தூது 1015இலும் 1033இலும் சீன அரசவையை அடைந்தது. 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. மேலைக்கடலுக்கும் கீழைக்கடலுக்கும் இடைப்பட்ட வழியில் மாத்தோட்டமும் திருகோணமலையும் இரு வாயில்கள். அவற்றின் சாவியைக் கைக்கொண்டமையே சோழர் பெற்ற பெரும்பேறு. நெல் அதற்கு அடுத்ததே.

எல்லைப்போரின் கொடுமையை மூடி மறைத்தல் வரலாறாகாது. விகாரைகளின் தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டன, பொற்படிமங்கள் கவரப்பட்டன எனச் சூளவமிசம் முறையிடுகின்றது. பகைவர் கூற்றென்று அதனை ஒதுக்குவாரும் உளர். ஆயின் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி பகைவர் எழுதியதன்று. ஈழத்து மன்னர் நால்வரின் முடிகளைக் கொண்டதையும், வீரசலாமேகனின் தமக்கையையும் மனைவியையும் சிறைப்பிடித்துத் தாயை மூக்கரிந்ததையும் அது புகழாகவே பாடுகின்றது. வெற்றி பெற்றோரே மறைக்காததைப் பிற்காலத்தார் மறைக்க வேண்டுவதில்லை.

இப்போர்களை இருசமயத்தாரின் பகையாகவோ இருமொழியாளரின் பகையாகவோ எழுதிவிடுதலும் பிழையே. திருகோணமலைக்கு அணித்தாகிய பெரியகுளத்தில் வெல்கம் விகாரை உள்ளது. சோழர் காலத்தில் அது இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுக்கள் அப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடையளித்த தமிழரைக் குறிக்கின்றன. நாகபட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தவனும் இதே இராசராசனே. பொன்னுக்காக விகாரையை இடித்ததும் பெயர் சூட்டி விகாரையைக் காத்ததும் ஒரே அரசின் செயல்கள். இரண்டனுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவோர் தம் காலத்துப் பூசலையே பழங்காலத்தில் ஏற்றிச் சொல்கின்றனர்.

முடிவு உரோகணத்திலிருந்தே வந்தது. 1055ஆம் ஆண்டளவில் அங்கே தலைமை பெற்ற கித்தி என்னும் இளைஞன் விசயபாகு என்ற பெயரோடு பதினைந்தாண்டு போராடினான். 1070இல் அதிராசேந்திரன் இறந்து, கீழைச் சாளுக்கிய மரபினனான குலோத்துங்கன் சோழ அரியணை ஏறினான். தாய்நாட்டில் நேர்ந்த இக்குழப்பத்தைப் பயன்கொண்டு விசயபாகு பொலனறுவையை மீட்டான். குலோத்துங்கன் ஈழத்தைத் திரும்பப் பெறப் பெரிதும் முயன்றானல்லன். கடல் கடந்த எல்லைக்கு ஆகும் செலவை அவன் அறிந்திருத்தல் கூடும்.

சோழராட்சி போயிற்று, அவர் கொணர்ந்தவை போகவில்லை. விசயபாகு பழைய அநுராதபுரத்துக்கு மீளாது சோழர் வகுத்த தலைநகரிலேயே இருந்தாண்டான். இராசராசனின் காசில் உள்ள நின்ற உருவையும் அமர்ந்த உருவையும் பிற்காலப் பொலனறுவை மன்னர் தம் காசுகளிலும் பொறித்தனர். வேளைக்காரர் என்னும் தமிழ்ப்படையினர் விசயபாகுவின் சேவையில் நிலைத்தனர். சோழநாட்டின்மேற் படையெடுக்குமாறு அவன் ஏவியபோது அவரே கிளர்ந்தெழுந்தனர்; பின்னர்ப் பொலனறுவையிற் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்று, அவ்வுறுதியைத் தமிழிலே கல்லில் வெட்டுவித்தவரும் வேளைக்காரரே.

இனி யாழ்ப்பாணக் குடாநாட்டின் பங்கு யாது என்னும் வினா எழும். கோடிக்கரையிலிருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 40 மைல்; சோழநாட்டுக்கு மிக அண்மையிற் கிடந்த ஈழத்து மண் இதுவே. அவ்வாறிருந்தும் இங்கே கிடைத்துள்ள சோழர் சான்றுகள் மிகச் சிலவே. யாழ்ப்பாணக் கோட்டையில் அகப்பட்ட இராசேந்திரன் காலத்துத் துண்டுக் கல்வெட்டு அவற்றுட் சிறந்தது. இக்குறைவுக்கு இரு காரணங் கூறலாம். பறங்கியர் கோயில்களை இடித்துக் கற்களைக் கோட்டைக்குக் கொண்டு சென்றமை ஒன்று. மற்றையது ஆட்சியின் இயல்பிலேயே உள்ளது. பெருங்குளமோ தலைநகருக்குச் செல்லும் பெருவழியோ இங்கில்லை, இருந்தவை துறைகளே. அத்துறைகளும் தலைமை பெற்றது மண்டலம் மறைந்த பின்னராகும். முதலாம் பராக்கிரமபாகு சோழநாட்டின்மேற் செல்வதற்காக ஊராத்துறை, புலைச்சேரி, மாத்தோட்டம், வலிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களிற் கப்பல்களையும் படையையும் திரட்டினான் என்றும், சோழர் ஏவிய படை அவற்றை அழித்தது என்றும் இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. 993இற் சோழர் கடந்த கடலை மறுமுனையிலிருந்து கடக்கச் சிங்கள மன்னன் கருதிய வாயில் இக்குடாநாடேயாகும்.

யாழ்ப்பாண அரசு சோழமண்டலத்தின் நேர்வழித்தோன்றல் என்று மேடைகளிற் பேசப்படுவதுண்டு. அதற்குச் சான்று இல்லை. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை மாவிட்டபுரத்தோடு தொடர்புடைய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியை நினைவுகொண்டது. மும்முடிச்சோழ மண்டலத்தை நினைவுகொள்ளவில்லை. 1070க்கும், பாண்டியர் படைத்தலைவனான ஆரியச்சக்கரவர்த்தி ஈழத்தின்மேற் படையெடுத்த 1284க்கும் இடையே இருநூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. அவ்வரசு பாண்டியர் தொடர்பாலும், 1215இல் வந்த கலிங்க மாகன் காலத்துக் குழப்பத்தாலும் உருப்பெற்றதாகும். யாழ்ப்பாணத்தரசர்க்கு அதனாற் குறைவொன்றுமில்லை. தம் பெருமைக்குச் சோழரிடம் கடன்பட வேண்டிய தேவை அவர்க்கு இருந்ததில்லை.

குடாநாட்டின் அருகே சோழர் காலத்தின் எச்சத்தைக் காண விரும்புவோர் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டைக் காணல் வேண்டும். அது பராக்கிரமபாகுவின் ஆணை. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும்; ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்கூறு பண்டாரத்துக்கும் முக்காற்கூறு உடையவனுக்கும் சேரும்; பிற பண்டங்கள் ஏற்றிய கப்பலாயின் செம்பாகம் பண்டாரத்துக்கு உரியது. சோழராட்சி நீங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, பொலனறுவையில் இருந்தாண்ட சிங்கள மன்னன், ஊராத்துறை மரக்கலத்தார் படித்தறியும்பொருட்டு அவ்வாணையைத் தமிழில் வெளியிட்டான்.