லிமெரிக் முற்றுகை: ஹோகன் காட்டிய வழி

அயர்லாந்தின் லிமெரிக் நகர மதில் உடைந்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு வழிப்பறிக்காரனைப் பார்த்துவிடலாம்.

அரியணையை இழந்த கத்தோலிக்க மன்னர் ஜேம்ஸ், பாய்ன் ஆற்றங்கரையில் வில்லியமிடம் தோற்று, தன் கத்தோலிக்கப் படையை நட்டாற்றில் விட்டுவிட்டு பிரான்சுக்குக் கப்பலேறிவிட்டார். இப்படி ஒரு ராஜாவுக்காகவா இத்தனை பேர் செத்தார்கள்! சுட்ட ஆப்பிளை வீசியே லிமெரிக்கைப் பிடித்துவிடலாம் என்று, ஜேம்ஸுக்குத் துணையாக வந்த பிரெஞ்சுத் தளபதி லோசன் நக்கலடித்ததாகச் சொல்வார்கள். சொன்னவர் கால்வேக்குப் போய்விட்டார். ஊரில் தங்கியவர் ஐரிஷ் தளபதி பாட்ரிக் சார்ஸ்ஃபீல்டு.

1690 ஆகஸ்டில் வில்லியம் சுமார் 25,000 பேரோடு வந்து இறங்கினார். மதிலை உடைக்கும் கனத்த பீரங்கிகள் மட்டும் வழியில் ஊர்ந்துகொண்டிருந்தன. எதிரிப் படையிலிருந்து ஓடிவந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன் இதைப் போட்டு உடைத்தான். அன்றிரவே சுமார் 500 குதிரைவீரர்களுடன் சார்ஸ்ஃபீல்டு கிளம்பினார்.

ஷானன் ஆற்றுப் பாலத்தில் எதிரியின் காவல் இருந்தது. இங்கேதான் நம்ம ஆள் 'பாய்ச்சல்' ஹோகன் வருகிறான். ராப்பரி என்ற மலைக்காட்டுக் கொரில்லாக் கூட்டத்தில் ஒருவன். கில்லலோ அருகே ஷானன் ஆற்றில் ஆழம் குறைந்த இடம் எது, சில்வர்மைன்ஸ் மலையில் குதிரை ஏறும் தடம் எது, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பகலில் மலையில் பதுங்கி, அடுத்த இரவு பீரங்கி வண்டிகள் தங்கியிருந்த பாலினீட்டிக்கு வந்தார்கள்.

வில்லியமின் முகாம் பக்கத்தில்தானே என்ற தைரியத்தில் காவலர்கள் குதிரைகளை மேய விட்டுவிட்டுத் தூங்கினார்கள். அவர்களின் அடையாளச் சொல்லே 'சார்ஸ்ஃபீல்டு' என்கிறது ஊர்க்கதை. அந்தப் பெயருக்கு உரியவரே வாளை உருவிக்கொண்டு நின்றாராம். ஐரிஷ்காரர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் இடம் இது. வண்டிக்காரர்களும் சேர்ந்து வெட்டுப்பட்டதை அவ்வளவு ரசித்துச் சொல்வதில்லை.

பிறகு நிதானமாக வேலை நடந்தது. பீரங்கிகளில் வாய்வரை மருந்து கெட்டித்து, வாயை மண்ணுக்குள் புதைத்து, மிச்ச மருந்தைக் கோடாகக் கொட்டித் தீ வைத்தார்கள். சத்தம் லிமெரிக்வரை கேட்டது. தகவல் தெரிந்து வில்லியம் அனுப்பிய தளபதி லேனியர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பெயர் சார்ஸ்ஃபீல்டுக்குப் போனது. போகட்டும், துணிச்சல் அவருடையதுதான். ஆனால் ஆற்றைக் கடக்கத் தெரிந்தவன் ஹோகன். என் ஓட்டு அவனுக்கே.

வாட்டர்ஃபோர்டிலிருந்து வேறு பீரங்கிகள் வந்தன. மதில் உடைந்தது. ஆகஸ்ட் 27-ல் உள்ளே பாய்ந்தவர்களை ஊர்ப் பெண்களும் சேர்ந்து கல்லாலும் உடைந்த பாட்டிலாலும் அடித்துத் துரத்தினார்கள். அது அடுத்த வாரம், நிச்சயமாக.

(தொடரும்)