நான்காவது துண்டு ரொட்டி

வளவனூரில் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முளைகட்டின பச்சைப்பயறை மென்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணி, நாலு வெள்ளரிப்பிஞ்சு, அரை மூடித் தேங்காய். ஆயா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"இன்னாடா இது? மாட்டுக்கு ஊற வெச்சத நீ துன்னுனு இருக்க?"

"டயட்டு ஆயா. அடுப்புல வெக்காம சாப்புடறது. உடம்பு குறையும்."

"வவுறு ரொம்புதா?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. அப்போது எனக்கு 34 வயசு, எடை 96 கிலோ. கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக ஸ்கேன் சொன்னது. மென்பொருள் வேலை, பத்து மணி நேரம் நாற்காலி. இதெல்லாம் வழக்கமான கதைதான். என் கதையில் கூடுதலாக ஒன்று உண்டு: எனக்குப் பசி பெரிசு. கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை சாம்பார் வரும்போது இலையில் சோறு தீர்ந்திருக்கும். சமைக்காத உணவை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். காயும் முளைப்பயறும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், வயிறும் நிறையும், எடையும் இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. இரண்டாவது வாரம் ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறையில் இருட்டில் நின்றுகொண்டு பச்சை மல்லாட்டையைக் கைப்பிடி கைப்பிடியாக வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படி நின்றவன் நான் ஒருத்தன்தானா என்று தேடியபோது சிக்கியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

*

காந்தி என்றதும் ஒட்டிய வயிறும் ஆட்டுப்பாலும்தான் நமக்கு ஞாபகம் வரும். அவர் ஒரு பெரும்பசிக்காரர் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். 1888இல் பதினெட்டு வயதில் லண்டனுக்குப் போகிறார். மாமிசம் தொடமாட்டேன் என்று அம்மா புத்லிபாயிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சி ஓரளவு தாங்கும். மதியமும் ராத்திரியும் ரொட்டி, கீரை, ஜாம். தனக்கு நன்றாகச் சாப்பிடும் பழக்கம், வயிறும் பெரிசு என்று சத்திய சோதனையில் சொல்கிறார். ஆனால் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்க வெட்கம். பிறகு தங்கிய வீட்டில் வீட்டுக்கார அம்மாவின் பெண்கள் கூட ஒரு துண்டு, இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி வற்புறுத்துவார்களாம். முழு ரொட்டி ஒன்றை வைத்தால்தான் இவருக்கு அடங்கும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. சைவ உணவகம் தேடி தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். இங்கிலாந்து வந்தபிறகு வயிறார உண்ட முதல் சாப்பாடு அங்கேதான்.

கேட்கப்படாத அந்த நான்காவது துண்டு ரொட்டியிலிருந்துதான் காந்தியின் உணவுச் சோதனைகளைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் சைவச் சங்கத்தின் தலைவர் ஏ.எஃப். ஹில்ஸ். தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் முதலாளி. அந்தத் தொழிற்சாலைக்காக அவர் ஆரம்பித்த கால்பந்து அணிதான் பின்னாளில் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆனது. நெருப்புப் படாத உணவில்தான் உயிர்ச்சத்து இருக்கிறது என்பது ஹில்ஸின் கட்சி. 'உயிருணவு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். காந்தி அதை பம்பாயில் ஒரு வாரம் செய்து பார்த்தார். பிறகு தென்னாப்பிரிக்கா போனார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் இறக்கிவிடப்பட்டது 1893 ஜூன் மாதம். அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு இரண்டரை மாதம் கழித்து பிரிட்டோரியாவில் ஓர் அறையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது: கோதுமையையும் பட்டாணியையும் அரிசியையும் ராத்திரி ஊறவைத்துக் காலையில் மென்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 22 அன்று சோதனை ஆரம்பம். காலையில் இரண்டு கரண்டி கோதுமை, ஒரு கரண்டி பட்டாணி, ஒரு கரண்டி அரிசி, கொஞ்சம் உலர்திராட்சை, இருபது சின்னக் கொட்டைகள், இரண்டு ஆரஞ்சு, ஒரு கோப்பை கோகோ. மென்று முடிக்க 45 நிமிடம். எவ்வளவு தின்றேன், எவ்வளவு நேரம் ஆனது, அதன்பிறகு எப்படி இருந்தது என்று நாள்வாரியாகக் குறித்து வைக்கிறார். எங்கள் தொழிலில் இதற்கு 'லாக்' என்று பெயர். இவ்வளவு நேர்மையான லாக் ஃபைலை நான் எழுதியதில்லை. முதல் நாள் காலை சுறுசுறுப்பு, சாயங்காலம் சோர்வு, லேசான தலைவலி. இரண்டாம் நாள் குறிப்பு இன்னும் மோசம்: முந்தின மாலை பசி தாங்காமல் கொஞ்சம் பட்டாணி தின்றிருக்கிறார், அதனால் தூக்கம் கெட்டிருக்கிறது, வாயில் கசப்போடு எழுந்திருக்கிறார். இதைப் படித்ததும் எனக்கு என் சமையலறை இருட்டு ஞாபகம் வந்தது.

நாளாக ஆக உடம்பு தளர்கிறது, பல் வலிக்கிறது. செப்டம்பர் 1 அன்று ஒரு பிறந்தநாள் தேநீருக்குப் போகிறார். குடித்ததும் தெம்பு. மறுநாள் காலை கஞ்சி, ரொட்டி, வெண்ணெய், ஜாம். எவ்வளவோ தேவலை என்று எழுதிவிட்டுச் சோதனையை மூடுகிறார். தோல்வியை மறைக்கவும் இல்லை. அந்தக் குறிப்பு 1894 மார்ச்சில் லண்டன் 'வெஜிடேரியன்' இதழில் அச்சாகிறது.

*

அதோடு விட்டிருந்தால் அவர் காந்தி இல்லை. டால்ஸ்டாய் பண்ணைக் காலத்தில் நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பழ உணவுக்கு மாறுகிறார். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். இது பல வருஷம் நடந்தது. பிரிட்டோரியாவில் பத்து நாள் தாங்காத மனிதர் இங்கே வருஷக்கணக்கில் எப்படித் தாங்கினார்?

விடை நிலக்கடலையில் இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் அதை மல்லாட்டை என்போம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்ல்ஸின் எண்ணெய், சோப்புத் தொழிற்சாலைகளுக்குக் கப்பலேறியது. ஒரு நகரத்துக்கே சோப்புக்கு எண்ணெய் கொடுத்த விதை என்றால் அதில் எவ்வளவு கொழுப்பு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் பச்சைக் கடலையில் சுமார் 567 கலோரி. நான் ராத்திரி இருட்டில் தின்றது இருநூறு கிராமாவது இருக்கும். பகல் முழுக்க வெள்ளரியும் முளைப்பயறும் தின்று மிச்சம் பிடித்ததை அங்கே பத்து நிமிடத்தில் கொட்டிவிட்டேன். சமைக்காதது என்பதால் நான் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. என் புரோகிராமில் இருந்த பிழை அதுதான்.

காந்தியும் கடலையிடம் மாட்டியவர். 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டி அலைந்தபோது கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான் அவருக்கு முக்கிய உணவு. அளவு மீறினால் கெடுதல் என்று தெரிந்தும் மீறினார், லேசான வயிற்றுக்கடுப்பு வந்தது. அன்று ஏதோ பண்டிகை. ஒன்றும் சாப்பிடுவதில்லை என்றுதான் இருந்தார். கஸ்தூரிபா இனிப்புக் கஞ்சியும் பாசிப்பயறும் எடுத்து வைத்திருந்தார். கொஞ்சம் ருசி பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர் வயிறு முட்டத் தின்றுவிட்டார். சாவின் விளிம்புவரை கொண்டுபோன நோய் அது. அதிலிருந்து மீளத்தான் 1919இல் ஆட்டுப்பாலுக்கு ஒத்துக்கொண்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. அந்தப் பெரிய வயிறு எங்கேயும் போய்விடவில்லை.

*

1929 மே மாதம் ஆந்திரச் சுற்றுப்பயணத்தில், ராஜமுந்திரியில் சுந்தரம் கோபாலராவ் என்ற இயற்கை மருத்துவ ஆர்வலரைச் சந்திக்கிறார். பழைய ஆசை திரும்புகிறது. ஜூன் 13 'யங் இந்தியா' இதழில் தான் சாப்பிடும் அளவைப் பட்டியலாகவே போடுகிறார். அதில் முக்கியமானவை: முளைகட்டிய கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, அரைத்த கீரை 8 தோலா, எலுமிச்சை 6, தேன் 2 அவுன்ஸ். தானியத்தை 24 மணி நேரம் ஊறவைத்து, ராத்திரி முழுக்க ஈரக் கதர்த்துணியில் கட்டி வைக்க வேண்டும் என்று செய்முறையும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தோலா 11.66 கிராம். கோதுமையை உலர்ந்த எடை என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும் மொத்தம் சுமார் 1,100 கலோரி தேறும். அதில் பாதி பாதாம். 59 வயதில் நாடு முழுக்கச் சுற்றுகிற மனிதருக்கு இது காணாது. ஆகஸ்டில் மறுபடியும் வயிற்றுக்கடுப்பு. சோதனையைக் கைவிடுவதாக அதே பத்திரிகையில் அறிவித்தார். ஈரத்துணியும் வெப்பமும் ஒன்றரை நாளும் பயறுக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு கிருமிக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈ.கோலைத் தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முளைப்பயறைப் புனிதமாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுச் செய்தி.

நெருப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? ரிச்சர்ட் ராங்கம் என்ற மானுடவியலாளர் 2009இல் எழுதிய புத்தகத்தில் சொல்வது இது: சமையல் என்பது செரிமானத்தின் ஒரு பகுதியை உடம்புக்கு வெளியே, அடுப்பில் நடத்திக்கொள்வது. வெந்த மாவுச்சத்தும் புரதமும் சுலபமாகக் கரையும், அதே உணவிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் ஆற்றல் கூடும். அப்படியென்றால் சமைக்காமல் தின்றால் எடை குறையத்தானே செய்யும்? குறையும். ஜெர்மனியில் பச்சை உணவுக்காரர்கள் 513 பேரை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். ஆண்கள் சராசரியாக 9.9 கிலோ, பெண்கள் 12 கிலோ இறங்கியிருந்தார்கள். இதை மட்டும் பார்த்துவிட்டு நான் குதித்தேன். அடுத்த வரியைப் படிக்கவில்லை: 45 வயதுக்குக் கீழான பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. உடம்பு அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது.

பசியின் பக்கம் இன்னும் கடினம். மெல்போர்னில் நடந்த ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. பத்து வாரம் மிகக் குறைவாகத் தின்று எடை குறைத்தவர்களுக்கு, ஒரு வருஷம் கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் பழைய அளவுக்கு இறங்கவில்லை. பசி கூடுதலாகவே இருந்தது. இதைத்தான் காந்தி தென்னாப்பிரிக்காவிலேயே கவனித்திருந்தார். விரதம் இருக்க இருக்கச் சாப்பாட்டின் ருசி கூடுகிறது, பசி கூர்மையாகிறது, விரதமே நாக்குக்குச் சேவகம் செய்யும் கருவியாகிவிடலாம் என்று சத்திய சோதனையில் ஒத்துக்கொள்கிறார். அவர் அதை ஆன்மாவின் பலவீனமாகப் பார்த்தார். நானும் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை அப்படித்தான் திட்டிக்கொண்டேன். இப்போது தெரிகிறது, அது சுரப்பி செய்கிற வேலை. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

*

பண்ருட்டி வழியாகப் போனால் வளவனூரிலிருந்து வடலூர் தூரமில்லை. 1867 மே 23 அன்று வள்ளலார் அங்கே தர்மசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஊர்ஜனம் அதை அணையா அடுப்பு என்கிறது. தொடங்கிப் பத்து வருஷத்துக்குள் 1876–78 பஞ்சம் வந்தது. நிவாரண வேலையில் கல்லுடைத்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். பசியை ஒழுக்கக் குறைவாகப் பார்க்காமல் பிணியாகப் பார்த்து, சோறுதான் மருந்து என்று சொல்வது மணிமேகலைக் காலத்திலிருந்து நம்மிடம் உள்ள வழக்கம். எங்கள் ஆயா படித்தவள் இல்லை. ஆனால் அவள் கேட்ட "வவுறு ரொம்புதா" அந்த வழக்கத்திலிருந்து வருவது.

நாற்பத்தொன்பது வருஷச் சோதனைக்குப் பிறகு, 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் காந்தி உடல்நலம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு நாள் அளவு தருகிறார்: பால் 2 பவுண்டு, தானியம் 6 அவுன்ஸ், கீரை 3, மற்ற காய் 5, நெய் ஒன்றரை, வெல்லம் ஒன்றரை. பச்சைக் காய்? 1 அவுன்ஸ். 28 கிராம். ஒரு கேரட்டின் பாதி. மொத்தம் சுமார் 1,800 கலோரி வருகிறது.

பசியோடு காலந்தள்ள அவருக்கு உதவியது என்று நான் நினைப்பது வேறொன்று. 1915 ஹரித்வார் கும்பமேளாவில் எடுத்த விரதம்: ஒரு நாளைக்கு ஐந்து பொருளுக்கு மேல் தொடுவதில்லை, இருட்டியபின் உண்பதில்லை. தட்டில் வகை கூடக்கூட நாம் கூடுதலாகத் தின்போம் என்பதை ஆய்வுகள் 1980களிலிருந்து காட்டிவருகின்றன. அந்த விரதம் வகையைத்தான் கட்டுப்படுத்தியது, வயிற்றை அவமானப்படுத்தவில்லை.

நான் இப்போது செய்வது ரொம்பச் சாதாரணம். முதலில் ஒரு தட்டு வெள்ளரி, கேரட். பிறகு வேகவைத்த பயறு, முட்டை, கொஞ்சம் சோறு, குழம்பு. ராத்திரி எட்டுக்கு மேல் சமையலறை பூட்டு. மல்லாட்டை எண்ணி முப்பது. பதினாலு மாசத்தில் 11 கிலோ இறங்கியிருக்கிறேன். பசி அப்படியேதான் இருக்கிறது. அதை ஒரு குற்றமாக நினைப்பது மட்டும் நின்றுவிட்டது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆயா இட்லி வைத்தாள். மூன்று தின்று முடித்தேன். லண்டனில் வெட்கத்தோடு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன் ஞாபகம் வந்தான்.

"இன்னொண்ணு வெய்யி ஆயா" என்றேன்.