கற்பூர மரமும் அப்பாவின் ஆப்பும்

கீழ்நாட்டார் தைலமரம் என்பதை ஊட்டியில் நாங்கள் கற்பூர மரம் என்போம். அதைப் பிளந்த கூலியில்தான் அப்பா எங்களை வளர்த்தார்.

இந்த மரம் எங்கள் மலைக்குரியதல்ல. 1822ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார். பின்னாலேயே வெள்ளைக்காரர்களும் பட்டாளமும் வந்தார்கள். குளிர் தாங்காத அவர்களுக்கு வீட்டுக்கு வீடு கணப்பு வேண்டியிருந்தது. சோலை மரங்கள் சாம்பலாயின. சோலை மரம் நிதானமாக வளர்வது. வெட்டும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்குமா? 1843ல் கேப்டன் காட்டன் சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலியக் கற்பூர மரத்தை இங்கே கொண்டுவந்தார். 1860களில் ஊட்டியைச் சுற்றி விறகுக்கென்றே தோப்புகள் எழுந்தன. ஆரம்பி என்னும் இடத்துத் தோப்பு அப்படி வந்ததுதான்.

சீக்கிரம் வளர்கிறதா என்று பார்த்தார்களே தவிர, பிளக்க வருமா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. கோடாலி பிடித்தவனைக் கேட்டு மரம் நடும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

கற்பூர மரத்தின் நார் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஆனாலும் வெட்டிய அன்றைக்கே கோடாலி போட்டால் வெடித்துப் பிளக்கும். சில கட்டைகள் நாம் தொடுமுன்பே முனையில் கீறிக்கொள்ளும். காயவிட்டாலோ கோடாலி துள்ளித் திரும்பும். அதனால் கட்டை இறங்கிய நாளில் அப்பா சாப்பிடக்கூட வரமாட்டார். முதலில் ஓரத்தில் ஆப்பு, பிறகு சம்மட்டி. நட்டநடுவில் ஆப்பு இறக்குகிறவனைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

சைப்ரஸ் இன்னொரு தினுசு. விரலால் அழுத்தினால் நகம் பதியும், அவ்வளவு மெத்து. ஆனால் கணுவுக்குக் கணு கிளையின் அடி உள்ளே ஓடியிருக்கும். கோடாலி சதக்கென்று இறங்கும், அப்படியே சிக்கிக்கொள்ளும். “முரட்டு மரத்தை நம்பலாம்டா, மெத்து மரத்தை நம்பாதே” என்பார். கணுவை விட்டு, கணுக்களுக்கு நடுவே அறுத்துக்கொண்டால்தான் அது வழிக்கு வரும். விறகுக்குச் சீகை என்னும் வாட்டில் மரம்தான் ராஜா. காய்ந்தாலும் கோணாமல் பிளக்கும்.

கேஸ் அடுப்பு வந்ததும் பிளக்கும் கூலி நின்றது. அதோடு, மலையில் மரம் வெட்ட 1955ன் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். காற்றில் விழுந்த மரம் எப்போதாவது கிடைத்தால், கற்பூர மரமென்றால் அன்றைக்கே பிளந்துவிடுங்கள்.