நாஞ்சில் நாட்டு நரியும் ஏழையின் வலையும்

ஒரே விலங்கைப் பிடிக்க இரண்டு விதமான செலவு இருந்த நாடு இது. நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய ‘ஊட்டி ஹண்ட்’ வேட்டைக்குச் சீமையிலிருந்து கப்பலில் நாய்கள் வந்தன. குதிரை, குதிரைக்காரன், நாய்களுக்குத் தனிக் கொட்டில், சிவப்புக் கோட்டு என்று அது பெருஞ்செலவு பிடித்த விளையாட்டு. தங்கள் ஊர்ச் செந்நரி இங்கே கிடைக்காததால் அவர்கள் துரத்தியது நம் ஊர் நரியை. அந்த வேட்டை நடந்த புல்வெளிகளுக்கே 1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. அதே காலத்தில் சமவெளியில் அதே நரியைப் பிடித்தவர்களிடம் இருந்தவை ஒரு வலை, சில கண்ணிகள், ஒன்றிரண்டு நாட்டு நாய்கள், பிறகு தொண்டை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளில், குருவிக்காரர் என்ற தலைப்பில் இவர்கள் நரி வேட்டையாடுவதையும், அதன் தோலில் பை தைப்பதையும், கறியை உண்பதையும் பதிவு செய்திருக்கிறார். இவர்களை மராத்தியர் என்று அவர் எழுதியது பிழை. இவர்கள் பேசும் வாக்ரி மொழி குஜராத்திக்கு நெருக்கமானது. நாம் நரிக்குறவர் என்று அழைப்பது இவர்களைத்தான்.

இன்றைக்கு நரியின் ஊளையைக் கேட்டறியாத ஒரு தலைமுறை கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் வளர்ந்துவிட்டது. யார் அழித்தார்கள் என்று கேட்டால் விரல் உடனே நரிக்குறவரை நோக்கி நீளும். அந்தப் பழி தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்பதே என் வாதம். வலையும் கண்ணியும் நரியைக் குறைத்திருக்கலாம், அற்றுப்போகச் செய்திருக்க முடியாது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த இந்தச் சமவெளி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல், அதற்கு நீர் தரும் குளங்கள், குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் தாழம்புதர், வயலை ஒட்டிய பனவிளைகள், நடுநடுவே பாறைப் பொத்தைகள். நரிக்கு இதைவிட நல்ல வீடு அமையாது. பகலில் பொத்தையிலும் தாழையிலும் கிடக்கும். இருட்டியதும் வரப்பில் இறங்கி நண்டு வளையையும் எலி வளையையும் தோண்டும். திருவிதாங்கூர் அரசின் வனச் சட்டங்கள் தேக்கையும் யானையையும் தந்தத்தையும் காத்தன. வயலில் வாழ்ந்த நரி அந்தக் கணக்கிலேயே வரவில்லை. கோழியை இழந்த வீட்டுக்காரரும் எவர் வந்து பிடித்தாலும் சரி என்றே இருந்தார். ஊர் ஊராகப் போன நாடோடி வேட்டைக்காரருக்கு, மன்னனும் பண்ணையாரும் உரிமை கொண்டாடாத இந்த விலங்குதான் மிஞ்சியது.

பிடிக்கும் முறையில் கைமுதல் குறைவு, அறிவு மிக அதிகம். நரி இணையோடு தனக்கென்று ஓர் எல்லையை வைத்துக்கொண்டு வாழ்வது. அந்த எல்லைக்குள் அந்நிய ஊளை கேட்டால் பதில் ஊளையிடும், யாரென்று பார்க்க வரும். வேட்டைக்காரர் அதன் தடத்தையும் எச்சத்தையும் பார்த்து நடமாடும் வழியை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். காற்று நரியின் பக்கமிருந்து தன் பக்கம் வீசும்படி வலைக்குப் பின்னால் அசையாமல் பதுங்க வேண்டும். பிறகு நரியாகவே ஊளையிட வேண்டும். குரலில் ஓர் இழை பிசகினாலும் அன்றைய இரவு வீண். அமெரிக்காவில் நரியின் உறவினமான கயோட்டியை வேட்டையாடுவோர் இதே வேலையை ஊதுகுழலையும் ஒலிபெருக்கிக் கருவியையும் கடையில் வாங்கிச் செய்கிறார்கள். நரிக்குறவர் அதைத் தொண்டையிலேயே வைத்திருந்தார்கள்.

இவ்வளவு திறமை இருந்தால் நரி எப்படி மிஞ்சும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கயோட்டி அதற்குப் பதில் சொல்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் கொடுத்தும், அரசே ஆள் வைத்தும், துப்பாக்கியாலும் பொறியாலும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கொன்றார்கள். அது குறையவில்லை. மேற்குச் சமவெளியில் இருந்தது அட்லாண்டிக் கரைவரை பரவிவிட்டது. நம் நரியைப் போலவே பொன்னிற நரி என்று அறியப்படும் ஐரோப்பிய நரியும் அப்படித்தான். பல்கேரியாவிலும் ஹங்கேரியிலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் சுடுகிறார்கள். ஆனாலும் அது வடக்கே எஸ்தோனியா, டென்மார்க் வரை போய்விட்டது. ஒதுங்கப் புதரும் தின்ன இரையும் இருக்கும்வரை இந்த இனம் வேட்டைக்கு ஈடுகொடுக்கும். ஆனால் அதே பல்கேரியாவில் 1962க்கு முன்பு நரி அருகிப்போயிருந்தது. அதற்குப் பெரிய காரணம் விஷம் வைத்த இரை. அந்த ஆண்டு நரிக்குப் பாதுகாப்பு கிடைத்தது, விஷம் குறைந்தது, நரி பெருகியது.

ஆகவே கேட்க வேண்டியது நாஞ்சில் வயல்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான். பசுமைப் புரட்சியோடு எண்டிரின் போன்ற கடும் பூச்சிக்கொல்லிகள் வயலுக்கு வந்தன. வரப்பு நண்டைக் கொல்ல மருந்து, எலிக்குத் துத்தநாகப் பாஸ்பைடு என்று நரியின் சோற்றுத் தட்டு முழுவதும் நஞ்சானது. பின்னர் வயல்களே வாழைக்கும் தென்னைக்கும் வீட்டுமனைக்கும் போயின. தாழம்புதரை வெட்டிக் கால்வாய்க்குச் சிமெண்டுக் கரை கட்டினார்கள். பொத்தைகளை உடைத்து ஜல்லியாக்கினார்கள். நரிக்குளம் உட்பட எத்தனையோ நீர்நிலைகளின் மீதும் ஓரத்திலும் நான்குவழிச் சாலை போகிறது. இவற்றில் எதையும் ஒரு நரிக்குறவர் செய்யவில்லை. செய்யும் அளவுக்கு அவர் கையில் ஒரு சென்ட் நிலம்கூட இருந்ததில்லை.

நரிக்கொம்பு வியாபாரத்தைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டை நான் ஒதுக்க மாட்டேன். நரிக்குக் கொம்பு கிடையாது. மண்டையோட்டுத் துண்டையும் தோலையும் மயிரையும் ஒட்டவைத்து அதிர்ஷ்டம் என்று விற்றார்கள், அதற்காக நரிகள் செத்தன. ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கி, கல்லாப்பெட்டியிலும் பூஜை அறையிலும் வைத்தவர்கள் வீடும் கடையும் உள்ளவர்கள். பழத்துக்குள்ளும் கறிக்குள்ளும் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயையும் நான் ஆதரிக்கவில்லை. வலைக்குத் தேவையான அறிவு எதுவும் அதற்கு வேண்டாம், நரிக்கென்று வைத்தால் யானையின் வாயும் கிழியும். குறைந்த செலவு என்ற ஒரே ஒற்றுமையை வைத்து இரண்டையும் ஒரே தொழிலாகக் கருதக்கூடாது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்தது. பயிரே இல்லாதவருக்கு அதில் பங்கில்லை. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பின்னர் வந்த திருத்தங்களின் வழியே நரி வேட்டையைக் குற்றமாக்கியது. சட்டம் தேவையானதுதான். ஆனால் அதன் சுமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. குதிரை வைத்திருந்தவர் ஒரு பொழுதுபோக்கை இழந்தார், வலை வைத்திருந்தவர் சோற்றை இழந்து பாசிமணி கோக்கப் போனார். அவருக்கு மாற்று வேலை என்ன என்று சட்டம் கேட்கவே இல்லை. பழங்குடிப் பட்டியலில் நரிக்குறவரைச் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆகிவிட்டது.

அதே 2022இல்தான் சுசீந்திரம்–தேரூர் சதுப்புநிலம், பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தக் குளங்களின் ஓரத்தில் இன்னும் எத்தனை நரி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவதற்குத் தானியங்கிக் கேமராவை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஊளையிட்டுப் பதில் ஊளையை எண்ணுவது வனஉயிர் ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட முறைதான். மலைக்காட்டில் பழங்குடியினரை வேட்டைத் தடுப்புக் காவலராக வனத்துறை வேலைக்கு எடுக்கிறது. அதுபோலச் சமவெளியில் இந்த ஊளைக் கணக்கெடுப்புக்கு நரிக்குறவரை, கூலியும் அடையாள அட்டையும் கொடுத்து, அழைக்க வேண்டும். நரியின் குரலைக் கேட்டு வளர்ந்த முதியவர்கள் அவர்களில் இன்னும் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.