டொலேடோ என்று பொறித்த வாள்கள்

16, 17ஆம் நூற்றாண்டு ரேப்பியர் வாள்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், ஐரோப்பா முழுவதற்கும் டொலேடோ என்ற ஒரே ஸ்பானிய ஊர்தான் வாள் அடித்துக் கொடுத்ததோ என்று தோன்றும். அந்த ஒல்லியான நீண்ட அலகின் நடுப்பள்ளத்தில் ஊர்ப்பெயரோ, அயாலா, சகாகுன் போன்ற அவ்வூர்க் கொல்லர்களின் பெயரோ குத்தியிருக்கும். இத்தாலிய மோகம் உள்ளவர்களுக்கு மிலான் கொல்லர் பிச்சினினோவின் பெயர். ஆனால் இவற்றில் பெரும்பங்கு ஜெர்மனியின் சோலிங்கனில் அடிக்கப்பட்டவை. அலகில் உள்ள பெயர் எந்த நாட்டு வாளை வாங்குபவன் விரும்பினான் என்பதைத்தான் சொல்லும். வாள் பிறந்த ஊருக்கு அது அத்தாட்சி ஆகாது.

முதலில் காட்டிக்கொடுப்பது எழுத்துப்பிழை. தன் பெயரைத் தப்பாக எழுதும் கொல்லன் உண்டா? சகாகுன் 'சகாகோம்' ஆகிறார். எழுத்துகள் தலைகீழாகவும் திரும்பியும் நிற்கின்றன. வாசிக்கத் தெரியாத ஒருவன் மாதிரியைப் பார்த்து எழுத்து எழுத்தாகக் குத்தியிருக்கிறான். இன்னும் உற்றுப் பார்த்தால், பிடியை ஒட்டிய கூர் தீட்டாத பகுதியில் சிறு முத்திரை ஒன்று இருக்கலாம். முடிசூடிய தலை என்றால் யோகன்னஸ் வுண்டஸ். ஒற்றைக் கொம்புக் குதிரை என்றால் கிளெமென்ஸ் ஹார்ன். இருவரும் சோலிங்கன்காரர்கள். அந்த ஊரில் பக்கத்துப் பட்டறைக்காரனின் முத்திரையைத் திருடினால் கொல்லர் சங்கத்தில் வழக்கு வரும். டொலேடோக் கொல்லனுக்காக அங்கே வழக்காட யார் இருக்கிறார்கள்?

கொல்லர்களே இடம் பெயர்ந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். பெயர்ந்தார்கள். 1630களில் சோலிங்கன் கொல்லர்கள் சிலர் லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவில் பட்டறை போட்டார்கள். ஆனால் அங்கே செய்த அலகுகள் பலவற்றில் தங்கள் சொந்தப் பெயரையும் ஹவுன்ஸ்லோ என்ற ஊர்ப்பெயரையுமே பொறித்தார்கள். டொலேடோப் பெயர்களின் கதை வேறு. ஒரே பெயர் பல கைகளில், பல எழுத்துக்கூட்டலில், அந்தக் கொல்லன் செத்த பிறகும் வந்துகொண்டே இருக்கிறது. ஆள் பயணம் செய்யவில்லை; பேர் செய்தது.

முத்திரை பொய் சொல்லும் என்றால் அதைப் படித்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. சோலிங்கனின் புகழ்பெற்ற ஓடும் ஓநாய் முத்திரைகூட பாசாவ் ஊரிடமிருந்து எடுத்ததுதான். பயன் உண்டு, ஆனால் முத்திரையைத் தனிச்சாட்சியாக நிறுத்தக் கூடாது. அலகுகள் பிடியில்லாமல் வியாபாரச் சரக்காகப் போயின. போய்ச் சேர்ந்த ஊரில் அங்குள்ளவர்களின் ருசிக்கேற்பப் பிடி போட்டார்கள். கடல் கடந்து வந்த ஐரோப்பிய அலகுகளைத் தஞ்சாவூர்க் கட்டாரிகளில் பொருத்தியதும் இதே வழக்கம்தான். ஆகவே ஸ்பானியக் கிண்ணப்பிடியில் சோலிங்கன் அலகு இருந்தால் அது போலி அல்ல, சாதாரண வியாபாரம். பிடியின் காலத்தைக் கணிக்க ஏ. வி. பி. நார்மன் 1980இல் வெளியிட்ட நூல் ஒரு நல்ல வழி காட்டியது: ஆண்டு தெரிந்த ஓவியங்களில் பிரபுக்களின் இடுப்பில் தொங்கும் பிடிகளோடு ஒப்பிடுவது. ஓவியன் பொய் சொல்ல அங்கே காரணம் குறைவு.

பிடியும் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், பிடியின் முனையிலுள்ள குமிழின் உச்சியில் அலகின் வால்முனை தட்டி மடக்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சுத்தியல் பட்ட தழும்பு அங்கே இருந்தால் யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மியூனிக்கின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் போன்றோரின் பட்டறைகள் பழைய பாணியில் முழு வாள்களையே செய்து விற்றன. அவற்றில் சில இன்று பழசாக உலவுகின்றன. சேகரிப்பாளர்கள் பலர் 18ஆம் நூற்றாண்டில் பலோமாரெஸ் தொகுத்த டொலேடோ முத்திரைப் பட்டியலில் தங்கள் அலகின் முத்திரையைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் அச்சில் பரவிய பிறகு போலி செய்பவனும் அதைப் பார்த்தே முத்திரை வெட்டலாம்.